பழைய சொகுசுக் காரில் பனிக்கலப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன விஷயம்? யாராவது நிஜமாகவே செய்கிறார்களா?

செய்கிறார்கள். குளிர் நாடுகளில் பனி கொட்டி ஓய்ந்ததும் ரோட்டுக்கு ஒரு லாரி வரும், அதன் முன்னால் வளைந்த பெரிய இரும்புத் தகடு இருக்கும், பனியை வழித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும். அந்தத் தகடுதான் பனிக்கலப்பை. அதை லாரியில் மாட்டாமல், குரோமியம் மின்னும் கேடில்லாக்கிலோ, மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ஜீப் வேகனியரிலோ, இன்னும் துணிந்தவர்கள் ரோல்ஸ் ராய்ஸிலோ மாட்டினால் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். உள்ளே தோல் சீட், வால்நட் மர டேஷ்போர்டு, வெளியே மஞ்சள் பெயின்ட் அடித்த தகடு.

ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய சொகுசுக் கார்களில் பல, பனி தள்ளும் வேலைக்கு நிஜமாகவே பொருத்தமானவை. இன்றைய விலையுயர்ந்த கார்களை விடப் பல மடங்கு பொருத்தம். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

காரில் கலப்பை மாட்டும் யோசனை எப்போது வந்தது?

கார் வந்த பிறகுதான் வர முடியும், இல்லையா! அதற்கு முன்னால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாக வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் கிராமங்களில், ரோட்டில் விழுந்த பனியை அகற்றவே மாட்டார்கள். குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளையை ஓட்டி அழுத்திவிடுவார்கள், ஏனென்றால் பனிச்சறுக்கு வண்டிக்குக் கெட்டியான பனிதான் வேண்டும், வெறும் தரை ஆகாது. நகரங்களில் கதை வேறு, மில்வாக்கியில் 1862லேயே குதிரை இழுக்கும் கலப்பை வந்துவிட்டது. கிராமத்தில் கார் வைத்திருந்தவர்கள் பலர் குளிர்காலம் முழுக்க அதைக் கட்டை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, பழையபடி குதிரைக்குத் திரும்பினார்கள்.

கார் பெருகியதும் பனியை எடுத்தே ஆகவேண்டும் என்று ஆனது. 1920 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் கிளேட்டன் ஊரில் கார்ல் ஃபிரிங்க் என்பவர் வண்டியில் மாட்டும் கலப்பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். நார்வேயில் ஹான்ஸ், ஈவன் ஓவராசென் சகோதரர்கள் 1923இல் காருக்கென்றே ஒரு கலப்பை செய்தார்கள். அவர்கள் பெயரில் உள்ள நிறுவனம் இப்போது விமான நிலையங்களுக்கு ராட்சத இயந்திரங்கள் செய்கிறது.

இன்னொரு கட்சியும் இருந்தது: பனியை ஏன் தள்ள வேண்டும், அதன் மேலேயே ஓட்டிவிடலாமே என்று. நியூ ஹாம்ப்ஷயரின் வெஸ்ட் ஒஸிப்பியில் ஃபோர்டு கார் விற்ற வெர்ஜில் வைட், மாடல் டி காரின் முன் சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குப் பலகையும், பின்னால் சங்கிலிப் பட்டையும் மாட்டும் செட் ஒன்றை உருவாக்கி 1917இல் காப்புரிமை வாங்கினார். கிராமத்துத் தபால்காரர்களும் டாக்டர்களும் வாங்கினார்கள். கனடாவின் கியூபெக்கில் பொம்பார்டியர் என்பவர் செய்த பனிப் பேருந்துகளும் இதே வழிதான். 1948இல் கியூபெக் அரசு நெடுஞ்சாலைகளை எல்லாம் குளிர்காலத்திலும் பனி அகற்றித் திறந்து வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டதும் அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. கலப்பை ஜெயித்த கதை அது.

சரி, அதற்குப் போய் சொகுசுக் காரை ஏன் எடுத்தார்கள்?

மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். 1929க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில், பத்து வருஷப் பழசான பேக்கார்டு, பியர்ஸ் ஆரோ மாதிரிப் பெரிய சொகுசுக் காருக்கு அமெரிக்காவில் மதிப்பே இல்லை. பெட்ரோல் குடிக்கும், டயர் விலை அதிகம், மெக்கானிக் கூலியும் அதிகம். புதிதாக வாங்கியபோது ஒரு வீட்டு விலை, இப்போது காயலான் கடை விலை. ஆனால் அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியும் இன்ஜினும் லாரித் தரம். எனவே கராஜ் வைத்திருந்தவர்கள் பின்பாதியை அறுத்துத் தள்ளிவிட்டு, பழுதான வண்டிகளை இழுக்கும் கிரேன் வண்டியாக்கினார்கள், சின்ன ஊர்களின் தீயணைப்புக் குழுக்கள் தண்ணீர்த் தொட்டி ஏற்றின. குளிர்காலத்தில் அதே வண்டியின் முன்னால் ஒரு தகடும் ஏறியது.

பியர்ஸ் ஆரோவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்க ஜனாதிபதிகள் ஏறிய கார் அது, ஹெட்லைட் மட்கார்டிலேயே பதிந்திருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அது தயாரான ஊர் எது தெரியுமா, பஃபலோ. ஈரி ஏரிக் காற்று மீட்டர் கணக்கில் பனியைக் கொண்டுவந்து கொட்டும் ஊர், 1977 ஜனவரிப் பனிப்புயலுக்குப் பெயர்போன ஊர். அங்கே பிறந்த காருக்குப் பனித் தகடு ஒன்றும் அவமானம் கிடையாது. கம்பெனி 1938இல் மூடப்பட்டது, ஆனால் அதன் 12 சிலிண்டர் இன்ஜின் வடிவமைப்பை சீக்ரேவ் என்ற தீயணைப்பு வண்டிக் கம்பெனி வாங்கி, அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் தன் வண்டிகளில் பொருத்தியது. அந்த இன்ஜினின் முரட்டுத்தனத்துக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

ரோல்ஸ் ராய்ஸ் பனி தள்ளுமா?

எந்த ரோல்ஸ் ராய்ஸ் என்பதைப் பொறுத்தது.

சில்வர் கோஸ்ட் தாராளமாகத் தள்ளும். 1907இல் வந்தபோது 7 லிட்டர், ஆறு சிலிண்டர். குதிரைசக்தி அதிகமில்லை, ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே இழுவிசை முழுசாக இருக்கும். 1911இல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை டாப் கியரை மாற்றாமலேயே ஓட்டிக் காட்டினார்கள். பனி தள்ளுவதற்கு வேண்டியது இதேதான்: வேகம் தேவையில்லை, நடக்கிற வேகத்தில் திணறாமல் முட்டித் தள்ளினால் போதும். முதல் உலகப் போரில் இதே சேஸியின் மேல் இரும்புக் கவசமும் துப்பாக்கிக் கோபுரமும் ஏற்றிப் பாலைவனத்தில் ஓட்டியிருக்கிறார்கள், அதற்கு முன்னால் ஒரு தகடு எம்மாத்திரம்!

1955 முதல் 1966 வரை வந்த சில்வர் கிளவுடும் பரவாயில்லை, தனிச் சேஸி உண்டு. அடுத்து வந்த சில்வர் ஷேடோவில்தான் பிரச்சினை. ரோல்ஸ் ராய்ஸில் சேஸியும் பாடியும் ஒரே கூடாக வந்த முதல் கார் அது. கலப்பையின் உதையை வாங்க முன்னால் நேரான இரும்புத் தண்டு கிடையாது, அடி முழுக்க மடித்த தகட்டுக்குத்தான் போகும், கதவு இடுக்குகள் கோணிக்கொள்ளும். ஆனால் செகண்ட் ஹேண்டில் மலிவாக அகப்படுவது இதுதான் என்பதால் ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் இதில்தான் கை வைப்பார்கள்.

லெனினிடம் பனியில் ஓடும் ரோல்ஸ் ராய்ஸ் இருந்ததாமே?

இருந்தது, இன்றும் இருக்கிறது. மாஸ்கோவுக்கு வெளியே கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கலப்பை கிடையாது, ஆனால் இந்த வகையறாவில் இதைவிட வேடிக்கையான வண்டி இல்லை. முன் சக்கரத்துக்குச் சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டைச் சுழல், மேலே பார்த்தால் அசல் ரோல்ஸ் ராய்ஸ். பாட்டாளிகளின் தலைவர், முதலாளித்துவத்தின் உச்சிக் காரில், பனியில்.

இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தவர் அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கார் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். ரஷ்யக் குளிர்காலத்தில் ஜாரின் கார்கள் பனியில் புதைந்து நின்றதுதான் அவருக்குப் பிரச்சினை. இரும்புச் சங்கிலிக்குப் பதில் வலுவூட்டிய ரப்பர் பட்டை போட்டார், எடை குறைந்தது, சத்தமும் குறைந்தது. புரட்சி வந்ததும் அவர் பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டார், கண்டுபிடிப்பு மட்டும் ரஷ்யாவிலேயே தங்கி, பெத்ரோகிராதின் புத்திலோவ் தொழிற்சாலை வழியாக லெனினின் காரில் ஏறியது. ஜாருக்காகச் செய்ததை ஜாரைத் தூக்கியெறிந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்! கெக்ரெஸ் பிரான்ஸில் சித்ரோயன் கார் கம்பெனியுடன் சேர்ந்து அதே பட்டையைப் பாலைவன மணலுக்கு மாற்றினார், 1922 டிசம்பரில் கிளம்பிய சித்ரோயன் வண்டிகள் 1923 ஜனவரியில் சஹாராவைக் கடந்து டிம்பக்டு போய்ச் சேர்ந்தன.

அல்வர் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸில் குப்பை அள்ளினாரே, அது மாதிரியா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. லண்டன் ஷோரூமில் விற்பனையாளர் அவமதித்தாராம், உடனே அல்வர் மகாராஜா ஜெய்சிங் இருந்த கார்களை எல்லாம் வாங்கி வந்து நகராட்சிக் குப்பை வண்டியாக்கினாராம். இதே கதையை ஆளை மட்டும் மாற்றி, பாட்டியாலா, பரத்பூர், ஹைதராபாத் என்று சொல்வார்கள். ஒரு சம்பவம் இத்தனை ராஜாக்களுக்கு நடந்திருந்தால் அந்த விற்பனையாளரை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள். அதோடு சுற்றும் படத்தில் சக்கரத்துக்கு முன்னால் துடைப்பம் கட்டிய கார் இருக்கும். ரோட்டில் கிடக்கும் ஆணி டயரில் ஏறாமல் ஒதுக்குவதற்காக அப்படிக் கட்டுவது உண்டு, குப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பனிக்கலப்பைக் கார்கள் பழிவாங்கும் கதைகளும் அல்ல. பெரும்பாலும் கைவசம் இருந்த வண்டி, கைவசம் இருந்த தகடு, வாசலில் பனி.

வேலைக்கு ஆகும் சொகுசுக் கார் எது? ஒன்றைச் சொல்லுங்கள்.

என் ஓட்டு 1967இலிருந்து வந்த கேடில்லாக் எல்டொராடோவுக்கு. காரணம் கேளுங்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் அநேகமாக எல்லாம் பின் சக்கர இழுவை. பின்பக்கம் லேசு, பனியில் சக்கரம் வெறுமனே சுற்றும். எல்டொராடோவும் அதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்த ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோவும் முன் சக்கர இழுவை. 7 லிட்டர் வி8 இன்ஜினின் மொத்த எடையும் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். 1970இல் அது 8.2 லிட்டர் ஆனது. இந்த இழுவை அமைப்பு எவ்வளவு திடமானது என்றால், ஜெனரல் மோட்டார்ஸ் அதையே எடுத்து 1970களில் வீடு போன்ற பெரிய மோட்டார்ஹோமுக்கும் போட்டது. முன் சஸ்பென்ஷன் முறுக்குக் கம்பி வகை என்பதால் போல்ட்டைத் திருகி முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தலாம், தகட்டின் எடையில் மூக்கு தொங்காது.

இரண்டாவது இடம் 1955இல் வந்த சித்ரோயன் டிஎஸ். இதற்கு ஸ்பிரிங் இல்லை, எண்ணெயும் வாயுவும்தான் தாங்கும், எவ்வளவு எடை வைத்தாலும் தானாகவே பழைய உயரத்துக்கு எழும்பிவிடும். உள்ளே ஒரு லீவரைத் தள்ளினால் கார் மொத்தமும் மேலே ஏறும், இறங்கும். அதாவது கலப்பையைத் தூக்க, இறக்கத் தனிப் பம்பே வேண்டியதில்லை, காரையே தூக்கி இறக்கிவிடலாம்! தகரம் மெல்லியது என்பதால் பெரிய வேலை கொடுக்கக் கூடாது, ஆனால் நகைச்சுவைக்கு முழு மதிப்பெண்.

கம்பெனியே கலப்பைக்கு இடம் கொடுத்த சொகுசு வண்டி உண்டா?

ஜீப் வேகனியர். 1963 மாடலாக வந்தது, நான்கு சக்கர இழுவையோடு ஆட்டோமேட்டிக் கியரும் உண்டு. 1966இல் சூப்பர் வேகனியர் என்று மெத்தை, கம்பளம் எல்லாம் போட்டுப் பணக்காரர்களுக்கு விற்றார்கள், 1984 முதல் 1991 வரை வந்த கிராண்ட் வேகனியர் தோல் சீட்டும் மரநிற ஓரமுமாக அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடுகளின் அடையாளமே ஆனது. ஜீப் வண்டிகளில் கலப்பை மாட்டுவது அந்தப் பக்கத்தில் சகஜம், வேகனியரும் தப்பவில்லை. ஆகவே மரநிற ஓரமும் மஞ்சள் தகடுமாக ஒரு கிராண்ட் வேகனியரைப் பார்த்தால், யாரோ ஜோக்குக்காகச் செய்தது என்று நினைக்காதீர்கள், அது அதன் தினசரி வேலை.

அப்படி என்ன எடை இருக்கிறது பனியில்? பஞ்சு மாதிரித்தானே விழுகிறது?

விழும்போது அப்படித்தான். 3 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு டிரைவ்வேயில், அதாவது ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதையில், 20 சென்டிமீட்டர் பனி என்று வையுங்கள். மொத்தம் 6 கனமீட்டர். புதிதாக விழுந்த தூள் பனி கனமீட்டருக்கு 100 கிலோ என்றால் 600 கிலோ. அதுவே ஈரமாகி இறுகிப்போய் 300 கிலோ ஆனால் 1,800 கிலோ, கிட்டத்தட்ட ஒரு முழுக் காரைத் தள்ளுகிற மாதிரி. அதனால்தான் பனி விழ விழத் தள்ளுவது புத்திசாலித்தனம், மறுநாள் வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் வெயில் அதை ஈரமாக்கி, ராத்திரி அதைக் கல்லாக்கிவிடும்.

எப்படி மாட்டுவது?

பம்பரில் மாட்டாதீர்கள். இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, அத்தனை படங்களில் பம்பரில் போல்ட் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தாயிற்று. அழகுக்கு வைத்த பம்பர், முதல் தடவை நடைபாதை விளிம்பில் தகடு இடித்ததும் அது பிய்ந்து ரேடியேட்டரில் போய் நிற்கும். சேஸியின் இரண்டு நீளத் தண்டுகளிலும் தடித்த தகடு வைத்து, அதிலிருந்து ஏ வடிவச் சட்டம் முன்னால் நீளவேண்டும், அதன் நுனியில் கலப்பை.

தகட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் கட்டாயம். பனிக்கு அடியில் கல்லோ, சாக்கடை மூடியோ மறைந்திருக்கும், தகடு அதில் மோதினால் முன்னால் மடங்கித் தாண்டி வரவேண்டும். ஸ்பிரிங் இல்லாமல் வெல்டிங் வைத்த தகடு மோதினால் கார் நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள், 1960க்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவற்றில் சீட் பெல்ட்டும் இருக்காது.

கார் அளவுக்கு ஏற்ற தகடே சட்டம், பம்பு எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்கு மேல் வந்துவிடும், அதுவும் முன் அச்சைத் தாண்டித் தொங்குகிறது. நெம்புகோல் கணக்கில் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின் சக்கர இழுவைக் கார் என்றால் டிக்கியில் மணல் மூட்டை வையுங்கள், பழைய அமெரிக்கக் கார்களின் டிக்கியில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. தகட்டைத் தூக்கி இறக்க 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் ஹைட்ராலிக் பம்பு போதும். ஆனால் 1950களின் நடுப்பகுதிக்கு முன்னால் வந்த அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட் மின்சாரம்தான், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கிலியும் கையால் சுற்றும் வின்ச்சும்கூட வேலை செய்யும், பழைய ஆட்கள் அப்படித்தான் ஓட்டினார்கள்.

ஓட்டும்போது எது முதலில் கெடும்?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பனி தள்ளுவது என்றால் முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், எண்ணெய் சூடேறிக் கருகும். வண்டி முழுசாக நின்ற பிறகே கியரை மாற்றுங்கள், தனி ஆயில் கூலர் வையுங்கள். இன்னொரு ஆச்சரியம்: உறைகிற குளிரிலும் இன்ஜின் கொதிக்கும். தகட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போனால் அது ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைத்துவிடும். கோணத்தைத் திருப்பி வைத்து, மெதுவாகப் போகவேண்டும். ஹெட்லைட்டும் மறையும், மேலே தனி லைட் வேண்டும்.

உப்பு?

உப்புதான் எமன். அமெரிக்காவில் 1940களின் தொடக்கத்திலிருந்து ரோட்டில் பனி உருக உப்பு போடுகிறார்கள், நியூ ஹாம்ப்ஷயர்தான் முன்னோடி மாநிலம். அந்த உப்புத் தண்ணீர் சேஸித் தண்டுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும். 50 வருஷம் கராஜில் பத்திரமாக இருந்த காரை இரண்டு குளிர்காலத்தில் சல்லடை ஆக்கிவிடலாம். எனவே என் கருத்து கறார்: நல்ல நிலையில் உள்ள, அசல் பெயின்ட்டோடு இருக்கும் காரில் கலப்பை மாட்டுவது பாவம். ஏற்கெனவே பாடி போய், ஆவணமும் போய், இன்ஜினும் சேஸியும் மட்டும் உயிரோடு இருக்கும் வண்டியில் மாட்டினால் அதற்கு ஒரு மறுவாழ்வு. உங்கள் சொந்த டிரைவ்வேயில், உப்பு போடாத இடத்தில் மட்டும் ஓட்டினால் இன்னும் நல்லது.

டொராண்டோவில் இருக்கிறேன். ஸ்காபரோ வீட்டு வாசலுக்கு இது சரிவருமா?

வேண்டாம். ஸ்காபரோ டிரைவ்வேக்கள் குட்டியானவை, தள்ளின பனியைக் குவிக்க இடமில்லை, அதை ரோட்டில் தள்ளுவது அங்கே விதிமீறல். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தள்ளினால் அதைவிடப் பெரிய வழக்கு. இன்டர்லாக் கல் பதித்திருந்தால் தகடு கல்லையும் சேர்த்து வழித்துவிடும். 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் பனிக்காக ராணுவத்தைக் கூப்பிட்டு நாடு முழுக்க கேலிக்கு ஆளானார், அந்த மாதிரிக் குளிர்காலத்திலும் ஒரு மண்வெட்டியும் நாலு பொடியன்களும் இருந்தால் வீட்டு வாசலைச் சமாளிக்கலாம். ஊருக்கு வெளியே நீண்ட மண் பாதையோடு பண்ணை வீடு வாங்கினால் அப்போது பேசுவோம்.

லம்போர்கினியில் கலப்பை மாட்டலாமா?

தாராளமாக, டிராக்டர் லம்போர்கினியில். ஃபெருச்சியோ லம்போர்கினி 1948இல் டிராக்டர் கம்பெனிதான் முதலில் தொடங்கினார், கார் 1963இல். டிராக்டர் பிராண்ட் இன்றும் தனியாக ஓடுகிறது. போர்ஷே பெயரிலும் 1963 வரை சிவப்பு டிராக்டர்கள் வந்தன. மெர்சிடிஸ் நட்சத்திரம் பொறித்த யூனிமாக் லாரி ஐரோப்பா முழுக்கப் பனி தள்ளுகிறது. "என் லம்போர்கினி வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறது" என்று பொய் இல்லாமல் சொல்லவேண்டுமானால் இதுதான் வழி.

ரோல்ஸ் ராய்ஸ் மூக்கில் நிற்கும் வெள்ளிப் பொம்மை என்ன ஆகும்?

1911இல் சிற்பி சார்லஸ் சைக்ஸ் செய்த பெண் உருவம் அது, பழைய கார்களில் ரேடியேட்டர் மூடி மேலேயே நிற்கும். தகட்டிலிருந்து தெறிக்கும் பனிக்கட்டி நேராக அதன் மேல்தான் விழும், அதிர்ச்சியில் மூடியும் தளரும். கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, கடையில் கிடைக்கும் சாதா மூடி ஒன்றைத் திருகி வையுங்கள், சைஸ் பார்த்து வாங்குங்கள்.